ஓடுகிற சர்வரில் கை வைக்கலாம்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காதே என்பது சர்வர் பார்த்துக்கொள்பவர்களிடையே வேதவாக்கு. பழைய பிஹெச்பியில் வருஷக்கணக்காக ஒரு தளம் ஓடினால், அதை அப்கிரேட் செய்யச் சொல்பவர்தான் வில்லன். அப்கிரேட் வேண்டாம் என்பதற்குச் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "இதுவரை ஒன்றும் ஆகவில்லையே."

பிஹெச்பி 5.6க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றன, 7.4க்கு 2022 நவம்பரோடு. 2024 ஜூனில், விண்டோஸில் சிஜிஐ முறையில் ஓடும் பிஹெச்பியில் பெரிய ஓட்டை ஒன்று வெளியானது. 8.1, 8.2, 8.3க்குத் திருத்தம் வந்தது. அதற்கு முந்தையவற்றுக்கு வரவில்லை. சில நாட்களிலேயே ரேன்சம்வேர் கும்பல் அதன் வழியே புகுந்தது.

2. "திருத்தங்களை லினக்ஸ்காரர்களே தருகிறார்களே."

பாதி உண்மை. சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்த 5.4.16 பார்வைக்குத்தான் பழசு. பின்னால் வந்த முக்கியத் திருத்தங்களை ரெட் ஹேட் அதற்குள் சேர்த்துவந்தது. ஆனால் சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுளே 2024 ஜூன் 30-இல் முடிந்துவிட்டது.

3. "எல்லாம் உடைந்துவிடும்."

எது உடையும் என்பது ஒளிவுமறைவான விஷயமல்ல. பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்கள் 7.0-இல் போயின; எம்கிரிப்ட் 7.2-இல், ஈச் 8.0-இல். 'பிஹெச்பி கம்பாட்டிபிலிட்டி' என்ற கருவியை ஓட விட்டால் இவை எந்த ஃபைலில், எந்த வரியில் என்று சொல்லிவிடும்.

பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் மாறுவதற்கு. படிவத்தில் தொகையைக் காலியாக விட்டால், இரட்டைச் சமக்குறியில் ஒப்பிடும்போது 7.4 அதைப் பூஜ்யத்துக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளும், 8.0 எடுத்துக்கொள்ளாது. பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் வேறு பாதையில் போகும். பணம் சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கையால் சோதித்தே ஆக வேண்டும்.

4. "தளத்தை நிறுத்த வேண்டும், திரும்பி வரவும் வழியில்லை."

டெபியன், உபுண்டுவில் ஒன்ட்ரேய் சூரி என்பவர் நடத்தும் பிஹெச்பி களஞ்சியத்திலிருந்து இரண்டு பதிப்புகளை ஒரே சர்வரில் அருகருகே நிறுவலாம். ஒவ்வொன்றுக்கும் தனி எஃப்பிஎம், தனி சாக்கெட். என்ஜின்எக்ஸ் அமைப்பில் சாக்கெட் பெயர் இருக்கும் ஒரு வரியை மாற்றி ரீலோட் செய்தால் புதியது. சிக்கலென்றால் அதே வரியை மாற்றினால் பழையது. கிரான் வேலைகள் இதில் சேராது, அவை தனியாக கமாண்ட்லைன் பிஹெச்பியில் ஓடுபவை. அவற்றையும் மறக்காமல் மாற்ற வேண்டும்.

இத்தனை வசதி இருந்தும் அப்கிரேட்டுக்குக் கெட்ட பெயர் வரக் காரணம், நிரலையும் பதிப்பையும் ஒரே ராத்திரியில் மாற்றுவது. பழைய மைஎஸ்கியூஎல் ஃபங்ஷன்களை அவற்றுக்கு மாற்றான மைஎஸ்கியூஎல்ஐ-க்கு மாற்றுகிறவர், கூடவே இணைப்பின் எழுத்துமுறையையும் யுடிஎஃப்8 ஆக்குகிறார். லத்தீன் இணைப்பு வழியே சேமித்த பழைய தமிழெல்லாம் குப்பையாகத் தெரிகிறது. பழி பிஹெச்பி 8 மேல் விழுகிறது.

மைஎஸ்கியூஎல்ஐ பிஹெச்பி 5.6-லும் உண்டு. ஆகவே நிரலைப் பழைய பதிப்பிலேயே திருத்தி, சில வாரம் ஓட விடுங்கள். இரண்டு பதிப்புகளிலும் ஓடும் நிரல் கையில் இருந்தால்தான் பின்வாங்குவதும் நிஜமாகவே ஒரு வரி வேலை.

தொடங்க புதிய சர்வர்கூட வேண்டாம். பின்னால் நீக்கப்பட்டவற்றில் சிலவற்றைப் பற்றி 5.6 தானே எச்சரிக்கிறது, ப்ரொடக்ஷனுக்கான பிஹெச்பி.ஐஎன்ஐ அந்த எச்சரிக்கையை அடக்கி வைத்திருக்கிறது. திரையில் காட்டாமல் லாகில் மட்டும் அதைத் திறந்துவிடுங்கள்; முதல் கட்ட வேலைப் பட்டியலை அந்தச் சர்வரே எழுதிக் கொடுக்கும்.