மிருதங்கமும் இயற்பியலும்

படிவம் ஐந்துக்குச் சென்றதும் மாணவர் பலரின் மிருதங்கம் உறைக்குள் முடங்கிவிடுகிறது. "எஸ்.பி.எம். தேர்வு முடியட்டும், இசை வகுப்புக்குப் பிறகு போகலாம்" என்று பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை பெற்றோர் பலர் கூறுகின்றனர். அவர்களின் கவலை நியாயமானதே. ஆயினும், இசை வேறு, அறிவியல் வேறு என்று பிரித்துப் பார்ப்பது சரியன்று.

சாதாரணத் தோற்கருவியைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றோடொன்று இயைவதில்லை. அதனால் தெளிவான சுருதி பிறப்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் சுருதி தெளிவாகக் கேட்பது ஏன்? சோற்றோடு கல்பொடியைப் பிசைந்து, தோலின் நடுவில் படலம் படலமாகப் பூசுகின்றனர். அந்தக் கரிய பூச்சு நடுப்பகுதியைக் கனமாக்கி, அதிர்வெண்களை முழு எண் விகிதத்தில் அமைக்கிறது. இதனை 1920இல் சி.வி. இராமன் 'நேச்சர்' இதழில் விளக்கினார். ஒளி ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களோ சூத்திரம் எதுவும் எழுதாமல், காதால் கேட்டே இந்த நுட்பத்தைக் கண்டறிந்திருந்தனர்.

பொருளின் அமைப்பை மாற்றினால் அலையின் போக்கும் மாறும் என்பதே இதில் அடங்கிய உண்மை. இன்றைய ஆய்வுகள் இவ்வுண்மையை மேலும் விரிவுபடுத்தியுள்ளன. 2015இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 270 ஊசல்களைச் சுருள்வில்களால் குறிப்பிட்ட முறையில் இணைத்தனர். தக்க அதிர்வெண்ணில் ஆட்டியபோது, அதிர்வு நடுப்பகுதியில் பரவாமல் ஓரமாகவே சென்றது. ஓரத்தில் குறையிருந்தாலும் அது திரும்பி வராமல் வளைந்து செல்லும். இதனை விளக்குவது 'இடவியல்' என்னும் கணிதப் பிரிவாகும். பருப்பொருளின் பண்புகளை இடவியல் வழி ஆராய்ந்த மூவர் 2016இல் நோபல் பரிசு பெற்றனர். அதிர்வைத் திசைதிருப்பும் இவ்வழி, இயந்திரங்களையும் கட்டடங்களையும் காக்க உதவலாம்.

இசைக்கு நேரமில்லை என்பார் உளர். வாரத்தில் ஒரு மணி நேரம் எவருடைய தேர்ச்சியையும் குலைத்துவிடாது. நான்காம் படிவ இயற்பியலில் 'அலைகள்' பாடம் படிக்கும் மாணவர், தோலின்மீது மெல்லிய மணலைத் தூவித் தட்டிப் பார்க்கட்டும். அதிராத இடங்களில் மணல் ஒதுங்கி நிற்கும். புத்தகத்தில் படித்த அலை அப்போது கண்முன்னே தெரியும். ஆகவே, மிருதங்கத்தை உறைக்குள் பூட்ட வேண்டா. அதை இயற்பியல் வகுப்பிற்கும் கொண்டு செல்வதே அறிவுடைமை.