ஒரே சாவியோடு வந்த கார்

பௌர்ணமி இரவில் கிரிவலம் போகிறவர்களுக்குக் கார் சாவியை எங்கே வைப்பது என்பதே ஒரு பிரச்னை. வேட்டியில் ஏது பாக்கெட்? இடுப்பில் செருகிக்கொள்வார்கள், அல்லது வீட்டம்மாவின் கைப்பையில் விபூதிப் பொட்டலத்தோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். 14 கிலோமீட்டர் நடந்து முடித்து, ரமணாசிரமம் பக்கத்தில் ஏதோ ஒரு தெருவில் நிறுத்திய காருக்குத் திரும்பி வந்து இடுப்பைத் தடவினால் சாவி இருக்காது. அத்தனை லட்சம் பாதங்கள் நடந்த பாதையில் எங்கே போய்த் தேடுவது?

1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த பகவான் ரமணர், கையில் மிச்சமிருந்த காசையும் அய்யங்குளத்தில் எறிந்துவிட்டு நிம்மதியாக இருந்தார். நமக்கு அது முடியாது. மறுநாள் ஆபீஸ் இருக்கிறது, குழந்தைக்கு ஸ்கூல் இருக்கிறது.

புதுக் கார் வாங்கியவருக்கு இது அரைநாள் தலைவலிதான். வீட்டு பீரோவில் இன்னொரு சாவி இருக்கும். மச்சினனோ தம்பியோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினால் தீர்ந்தது. செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர் பாடுதான் திண்டாட்டம். "இன்னொரு சாவி எங்கேயோ இருக்கு சார், தேடிக் குடுத்துடறேன்" என்று விற்றவர் சொல்லியிருப்பார். அந்தச் சாவி வந்திருக்காது.

1983 டிசம்பர் 14-ம் தேதி, முதல் மாருதி 800-ன் சாவியை ஹர்பால் சிங் என்பவரிடம் இந்திரா காந்தி கொடுத்தார். அந்தக் காலத்துச் சாவி வெறும் இரும்புத் துண்டுதான். தொலைந்தால் பஜாரில் அரம் வைத்து உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் வந்து, பூட்டைப் பார்த்து ராவி, கையில் கொடுத்துவிடுவார். இன்றைக்கு ஓடும் பெரும்பாலான கார்களின் சாவித் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். அதிலிருந்து வரும் அலையில் சிப் உயிர் பெற்று, தன் அடையாள எண்ணைச் சொல்லும். காரின் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தெரிந்தவன் என்று ஒப்புக்கொண்டால்தான் என்ஜின் ஓடும். இதற்குப் பெயர் இம்மொபிலைசர். சினிமாவில் ஹீரோ ரெண்டு ஒயரை உரசி வண்டியைக் கிளப்புவதெல்லாம் இந்தக் கார்களில் நடக்காது.

இது எவ்வளவு பெரிய காவல் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. ஐரோப்பாவில் 1998-லேயே புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் கட்டாயமில்லை. அங்கே ஹூண்டாய், கியா நிறுவனங்கள் பல மாடல்களை இது இல்லாமலேயே விற்றன. யூஎஸ்பி ஒயரின் முனையை வைத்தே அவற்றைக் கிளப்பலாம் என்று 2021, 2022-ல் பையன்கள் வீடியோ போட, ஊர் ஊராகக் கார்கள் திருடு போயின.

திருடனைத் தடுக்கும் அந்தக் காவல்தான், சாவியைத் தொலைத்த உங்களையும் வெளியே நிறுத்துகிறது.

சாவி கையில் இருந்தும் கார் திறக்கவில்லையா? பட்டன் வைத்த ஸ்மார்ட் கீயில் பேட்டரி தீர்ந்திருக்கலாம். அதற்குள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம். பிறகு, பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டி வைத்து அழுத்தினால் என்ஜின் ஓடிவிடும். இதைத் தெரியாமல் கண்ணாடியை உடைத்துவிடாதீர்கள்.

உண்மையிலேயே தொலைந்திருந்தால் ரெண்டு வழி. ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டர். சாவி வரவழைத்து, கம்ப்யூட்டரில் பதிந்து கொடுப்பார்கள். நாளாகும். ஒரு சாவிகூட இல்லையென்றால் காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும். இன்னொன்று, புரோகிராமிங் மெஷின் வைத்திருக்கும் சாவிக்காரர். கார் நிற்கும் இடத்துக்கே வருவார், செலவும் பெரும்பாலும் குறையும். ஆனால் தெரிந்தவர் மூலம் விசாரித்துக் கூப்பிடுங்கள், பில் வாங்குங்கள். உங்கள் வீட்டுக் கதவைவிட விலை உயர்ந்த பூட்டை அவர் கையில் கொடுக்கிறீர்கள். சாதா சிப் சாவிக்குச் சில ஆயிரம் ஆகும். ஸ்மார்ட் கீ என்றால், மாடலைப் பொறுத்துப் பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஒரு சாவி மிச்சமிருக்கும்போது அடுத்ததைச் செய்வது சுலபம். எல்லாம் தொலைந்த பிறகு செய்வதுதான் செலவு.

சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது ஆர்.சி. புத்தகமும் அடையாள அட்டையும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். பணம் கொடுத்து கார் வாங்கி ரெண்டு வருஷம் ஓட்டியிருப்பார்கள். ஃபார்ம் 29, 30-ல் விற்றவரின் கையெழுத்து வாங்கி டேஷ்போர்டில் வைத்ததோடு சரி, பெயர் மாற்றியிருக்க மாட்டார்கள். பாண்டிச்சேரி வண்டியாக இருந்தால் என்.ஓ.சி. வேறு வாங்கவேண்டும் என்று சோம்பியிருப்பார்கள். சர்வீஸ் சென்டர்காரருக்கு நீங்கள் யாரோ ஒருவர். அவர் மறுப்பது சரிதான் என்பேன், ஆர்.சி. பார்க்காமல் சாவி கொடுத்தால் திருடனுக்கும் அல்லவா கொடுத்துவிடுவார்? காரை விற்றவர் அதற்குள் வீடு மாறி, போன் நம்பரும் மாறியிருந்தால் உங்கள் காருக்கு நீங்களே சாவி போட முடியாது.

இதில் விற்றவருக்கும் ஆபத்து இருக்கிறது. பெயர் மாற்றாத கார் விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கியவர் இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் அந்த 'எங்கேயோ இருக்கும்' சாவி ஞாபகம் வருகிறது. கார் திருடு போய் கிளெய்ம் கேட்டால், கம்பெனிக்காரர் ரெண்டு ஒரிஜினல் சாவியையும் மேஜை மேல் வைக்கச் சொல்வார். ஒன்றுதான் இருக்கிறது என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். அதைவிடப் பெரிய கவலை, அந்தச் சாவி இப்போது யார் கையில் என்பது. விற்றவரின் பழைய டிரைவரிடமா, மெக்கானிக் ஷெட்டிலா?

இதற்குத் தீர்வு உண்டு. புதுச் சாவி பதியும்போது, கையில் இருக்கும் சாவிகளை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதைப் பல கார்களில் மெஷினிலேயே பார்க்கலாம். அழித்துவிட்டால் பழைய சாவியால் என்ஜினைக் கிளப்ப முடியாது. ஆனால் கதவைத் திறக்க முடியும், ஏனென்றால் பூட்டு அதே பூட்டுதான். ஆகவே பூட்டையும் மாற்றும்வரை காருக்குள் லேப்டாப், நகைப் பை வைக்காதீர்கள்.

பழைய கார் பார்க்கப் போகும்போது டயரைத் தட்டிப் பார்க்கிறோம், பானெட்டைத் தூக்கிப் பார்க்கிறோம். ரெண்டு சாவியையும் கேட்டு வாங்கி, ரெண்டாலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சாவியோடு வந்த எண் பொறித்த வில்லை இருந்தால் அதையும் கேளுங்கள். எண்ணை எழுதி வீட்டில் வையுங்கள், காருக்குள் வேண்டாம். ரெண்டாவது சாவி இல்லையென்றால், அதைச் செய்ய ஆகும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். கழித்த பணத்தில் அந்த வாரமே சாவியைச் செய்துவிடுங்கள். கார்த்திகை தீபத்துக்குக் கிளம்புகிற அன்றைக்கு அது வீட்டிலேயே இருக்கட்டும்.