தமிழ் வினைக்கு ஒழுங்கு உண்டு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் ரசாயன ஆலைகளுக்கு வேலைக்கு வரும் வட மாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் வராது என்கிறார்கள். காரணம்: ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு விதமாகத் திரிகிறதாம், அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமாம். இது தவறு. முதலாவது, திரிபுக்கு விதி இருக்கிறது. நட, பற, மற, திற எல்லாமே நடந்தேன், நடக்கிறேன் என்ற ஒரே அச்சில் வருகின்றன. மூடினேன், தூக்கினேன், ஓட்டினேன் இன்னொரு அச்சு. இறந்தகாலத்துக்கு நன்னூல் தரும் இடைநிலைகள் நான்குதான்: த், ட், ற், இன். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வினைகளுக்கு வகை எண்ணே இடுகிறது. ஒழுங்கில்லாததற்கு யார் எண் இடுவார்கள்?

இரண்டாவது, ‘வா வந்தேன் ஆகிறதே, சொல் சொன்னேன் ஆகிறதே’ என்பார்கள். உண்மை. ஆனால் அடங்காத வினைகள் சிலவே; அவையே நாள் முழுக்கக் காதில் விழுபவை. ஸ்பானிய மொழியிலும் அப்படித்தான்: மிகவும் முரண்டு பிடிப்பவை ‘இரு’, ‘போ’ போன்ற அன்றாட வினைகள். அதற்காக ஸ்பானியம் கற்பதை யாராவது கைவிட்டார்களா?

மூன்றாவது, இது வெறும் இலக்கணச் சண்டை அல்ல. ரசாயன ஆலையில் ‘வால்வை மூடினேன்’, ‘மூடுவேன்’ இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. பாதுகாப்புப் பயிற்சியோடு வினை வகைகளையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.