திருஷ்டிப் பூசணியும் நடுரோடும்



ஆயுத பூஜை நெருங்கினால் நம் மளிகைக் கடைகளில் பொரி, அவல், வெல்லம், கற்பூரம், குங்குமம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் என்று சரக்கு இறங்க ஆரம்பித்துவிடும். நமக்கு நல்ல வியாபாரம் நடக்கிற நாள் அது. அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடைசியில் சொன்ன பூசணிக்காயைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

எக்கியார்குப்பத்தில் மீன் கூடை கட்டிய மொபெட்டோ, உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் மோட்டார் சைக்கிளோ, வண்டி புதிது என்றால் முதலில் கோயில் வாசலுக்குத்தான் போகும். மாலை போட்டு, சந்தனம் வைத்து, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிய பிறகே ஓட்டம். சென்னையில் சென்ட்ரல் அருகேயுள்ள பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் புது வண்டிகள் பூஜைக்கு வரிசை கட்டி நிற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். நம்பர் பிளேட்டில் கூட்டுத்தொகை எட்டு வந்தால் சனி என்று முகம் சுளிப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. ராஜஸ்தானில் பாலி நகருக்கு அருகே, விபத்தில் இறந்த ஓம் பன்னா என்ற இளைஞரின் புல்லட் வண்டியையே கண்ணாடிக் கூண்டில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அமெரிக்காவில் வண்டிக்கு அடியில் சின்ன மணி கட்டுவார்கள். அதை நாமே வாங்கக் கூடாதாம், நண்பர் வாங்கித் தர வேண்டுமாம்!

சுற்றிலும் தகரம்கூட இல்லாமல் இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் நான் கேலி செய்ய மாட்டேன். உப்புக்காற்றில் பிரேக் ஒயர் சீக்கிரம் துருப்பிடிக்கிற ஊர் இது. பழம் நசுக்கும் அன்றே ஒயரையும் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது. 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவால் தமிழ்நாட்டில் கண்டிப்பாக்கப்பட்ட ஹெல்மெட்டை, மாலையோடு சேர்த்துக் கண்ணாடியில் மாட்டாமல் தலையில் மாட்டினால் இன்னும் நல்லது.

எலுமிச்சம்பழத்தால் அடுத்தவருக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. பூசணிக்காய் அப்படியா?

சில வருடங்களுக்கு முன் ஆயுத பூஜை இரவு, என் கடை வாசலில் நானே கற்பூரம் ஏற்றிச் சுற்றி, ரோட்டில் போட்டு உடைத்தேன். உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டிருந்தேன். சில்லறை பொறுக்கப் பிள்ளைகள் ரோட்டில் ஓடினார்கள். அதை வேடிக்கை பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லேசான தூறல். அரை மணி கழித்து நம்மிடம் கணக்கு வைத்து வாங்கும் மீன் வியாபாரி ஒருவர் மொபெட்டில் வந்தார். அவர் பூசணியில் வழுக்கி விழவில்லை. உடைத்த பூசணியைத் தாண்டினால் திருஷ்டி தன் மேல் ஏறும் என்று வண்டியைச் சட்டென்று ஒடித்தார். ஓரத்து மணலில் சக்கரம் வாரிவிட்டது. மணிக்கட்டு முறிந்தது. தூக்கி உட்கார வைத்தபோது, “உங்க கடை திருஷ்டிய நான் வாங்கிக்கிட்டேன் அண்ணாச்சி” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

நாம் கழிப்பதற்காக உடைக்கிறோம், அவர் ஒட்டிக்கொள்ளும் என்று விலகுகிறார். இரண்டும் ஒரே நம்பிக்கைதான். நடுவில் இருப்பது ரோடு. காவல்துறையும் ஆண்டுதோறும் ரோட்டில் உடைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் செய்கிறது.

முச்சந்தியில் உடைத்தால்தான் பலிக்கும் என்று மூத்த உறுப்பினர்கள் சொல்லக்கூடும். மாட்டு வண்டி போன காலத்து முச்சந்தி அது. இன்று நம் பக்கத்தில் ஓடுவது சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை. இரவெல்லாம் வண்டி.

வழி நம் கடையிலேயே கிடக்கிறது: காலிச் சாக்கு. வாசல் ஓரத்தில் சாக்கை விரித்து அதன் மேல் உடைத்து, அப்படியே சுருட்டிக் குப்பையில் சேர்த்துவிடலாம். சில்லறையை உள்ளே போடாமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடலாம். இரண்டு வருடமாக நான் இப்படித்தான் செய்கிறேன். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை.

இந்த ஆண்டு பூசணிக் குவியலுக்குப் பக்கத்தில் சாக்குகளையும் அடுக்கி வைக்கப் போகிறேன். காய் வாங்குகிறவர்களுக்குச் சாக்குக்குக் காசில்லை.