சீமை நாய்க்கு வேலூர் வெயில் தாங்குமா?

ஆம்பூர் ஷூ ஜெர்மனிக்குப் போகிறது. பதிலுக்கு ஜெர்மனி நாய்க்குட்டி வேண்டும் என்கிறார்கள் நம்மூர் வசதிக்காரர்கள் சிலர். ஆசை தப்பில்லை. ஆனால் அட்வான்ஸ் அனுப்பும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க ஐயா!

வெளிநாட்டிலிருந்து வரும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். குட்டிக்கு அந்த ஊசி போடுவதே சுமார் 3 மாதத்தில். போட்டு 30 நாள் கழித்துத்தான் விமானம் ஏற்றலாம். ஆக, இங்கே இறங்கும்போது குட்டிக்கு 4 மாதம் ஆகியிருக்கும். "45 நாள் குட்டி, நேரா வெளிநாட்டுச் சரக்கு" என்று எவனாவது சொன்னால், அது டூப்பு!

சட்டமும் சும்மா இல்லை. விற்பனைக்கும் இனவிருத்திக்கும் நாய் இறக்குமதி செய்ய 2016 ஏப்ரலில் மத்திய அரசு தடை போட்டது. விவகாரம் ஐகோர்ட்டு வரை போனது. இன்றைய விதி என்னவென்று தரகரிடம் கேட்காதீர்கள். சென்னையில் உள்ள மத்திய அரசின் கால்நடை தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் கேளுங்கள். அவர்கள் அனுமதி இல்லாமல் குட்டி வெளியே வராது.

சரி, வந்தாச்சு. அப்புறம்? வேலூர் கோடை 40 டிகிரியைத் தாண்டும். நாய்க்கு மனுஷன் மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பனிக்குப் பிறந்த ஹஸ்கியும் சப்பை மூக்கு பக்கும் என்ன பாடு படும்? கரண்ட் போனால் ஏ.சி.யும் போச்சு. வாயில்லா ஜீவன் யாரிடம் சொல்லும்?

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை... நாலும் நம்ம மண்ணு, நம்ம வெயில். ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலையே வந்தது. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவானேன்?