'மாய்' என்றால் வாங்குவதா, விற்பதா?

கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் மளிகைக் கடை நடத்தும் நம்மவர்கள் விடியுமுன்னே மொத்தச் சந்தைக்குப் போய் நிற்கிறார்கள். வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு, முட்டை என்று நாம் எடுக்கும் சரக்கில் பல சீன மொத்த வியாபாரிகளின் கையிலிருந்தே வருகின்றன. நம்மிடம் அவர்கள் மலாயில் பேசுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தம் கணக்குப்பிள்ளையிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் அவர்கள் பேசுவது கான்டனீஸ் மொழியில். நமக்குச் சொல்லப் போகும் விலை அந்தப் பேச்சில்தான் முடிவாகிறது. நாமோ லோரிக்கு அருகில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நமக்கே நேர்ந்ததைச் சொல்கிறோம். வெங்காயம் எடுக்கப் போயிருந்தோம். நமக்கு முன்னால் நின்றவரிடம் மூட்டை 'சாம் சப்' என்றார் தவுக்கே. சாம் சப் என்றால் முப்பது. அடுத்து நம் பக்கம் திரும்பி மலாயில் முப்பத்திரண்டு வெள்ளி என்றார். எண்களை மட்டும் அப்போது கற்று வைத்திருந்தோம். "லோபான், சாம் சப், தக் ம் தக்?" என்று கேட்டோம். 'முதலாளி, முப்பதுக்கு ஆகுமா, ஆகாதா' என்பது பொருள். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். முப்பதுக்கே கொடுத்தார். அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டோம். பழகியவருக்கு ஒரு விலை, பழகாதவருக்கு ஒரு விலை என்பது நம் கடைகளிலும் உள்ளதுதானே! மூட்டைக்கு இரண்டு வெள்ளி, வாரத்துக்கு இருபது மூட்டை என்றால் ஆண்டுக்கு எவ்வளவு ஆகிறது என்பதை நம் வாசகர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

இந்த மொழி தமிழருக்கு எட்டாதது அன்று. யட், யீ, சாம், செய், ங், லுக், சட், பாட், கௌ, சப். ஒன்று முதல் பத்து வரை இவ்வளவுதான். சப் பாட் பதினெட்டு, பாட் சப் எண்பது. பத்தோடு எட்டு, எட்டுப் பத்து என்று நம் தமிழ்க் கணக்கின் போக்கிலேயே இருக்கிறது. ஐந்துக்கு வெறும் 'ங்' என்ற ஒலி. மலாய்க்காரரோடு பழகிய நாவுக்கு அது சிரமமே இல்லை. சாம் என்று நீட்டினால் மூன்று, சம் என்று குறுக்கினால் இருதயம். குறிலும் நெடிலும் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. சப்பு, பாட்டு என்று கடைசியில் உகரம் போட்டு இழுக்கும் நம் வழக்கத்தை விட வேண்டும். கடைசி ஒலியை அடைத்ததோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உண்மையான தொல்லை சுரத்தில்தான். ஒரே ஒலியை ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள்; இப்படி ஆறு வகை. வியாபாரிக்கு இதில் மோசமான இடம் 'மாய்' என்ற சொல். தாழ்ந்த குரலில் தொடங்கி மேலே ஏற்றினால் வாங்குவது. தாழ்ந்த குரலிலேயே சமமாக விட்டால் விற்பது. நாம் இஞ்சி வாங்கப் போய், விற்க வந்தவராக எண்ணப்பட்டு, "உங்கள் சரக்கு எங்கே?" என்று கேட்கப்பட்டதும் உண்டு. அதற்காக வெட்கப்படவில்லை. கையால் காட்டி, வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

அரிசிக்கு 'மாய்' போலவே கேட்கும் இன்னொரு சொல், 'மய்'. இது குறில். சமைத்த சோறு 'ஃபான்'. அரிசி வேறு, சோறு வேறு என்று பிரித்துச் சொல்லும் மக்கள் நம்மைப் போன்றவர்கள்தாம். காலையில் பார்த்தால் "சிக் சோ ஃபான் மெய்?" என்பார்கள். சோறு தின்றாயிற்றா என்று பொருள். சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்பது போலத்தான்; பதிலைப் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை.

நன்றி சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. மூட்டையை ஏற்றிக் கொடுத்தவருக்கு 'ம் கோய்'. அன்பளிப்புக் கொடுத்தவருக்கு 'தோ சே'. மாற்றிச் சொன்னால் கோபிக்க மாட்டார்கள். விலை கேட்க 'கெய் தோ லுய்?' என்றால் போதும். ஹாங்காங்கில் பணத்துக்குச் 'சின்' என்பார்கள். இந்த 'லுய்' மலாய்ச் சொல்லிலிருந்து வந்து இங்குள்ளவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. எடைக்குக் 'கன்', அதாவது நாம் சொல்லும் கட்டி, சுமார் 600 கிராம். குவாங்சௌ சந்தைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே கன் என்பது 500 கிராம்.

மொழியைத் தொட்டால் அவர்களுடைய வியாபார மனமும் தெரிகிறது. பன்றி நாக்குக்குரிய பழைய சொல் நஷ்டம் என்ற சொல்லைப் போல ஒலிப்பதால், அதை விட்டுவிட்டு லாபம் என்று ஒலிக்கும் 'லெய்' என்பதையே இறைச்சிக் கடையிலும் சொல்கிறார்கள். பஞ்சாங்கத்தின் பெயரிலுள்ள புத்தகம் என்ற சொல் தோல்வி போல ஒலிப்பதால், அங்கே வெற்றி என்று மாற்றியிருக்கிறார்கள். விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்று சொன்ன நம் பெரியவர்கள் இதைக் கேட்டால் மெச்சியிருப்பார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். ரப்பர் தோட்டங்களின் ஓரத்தில் கடை வைத்திருந்த சீனர்களைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ் பேசினார்கள். பற்று எழுதினார்கள். சம்பள நாளில் "என்னம்மா, கணக்கு முடிச்சிரலாமா" என்று தமிழிலேயே கேட்டார்கள். நம் மக்களின் காசு அந்தக் கல்லாவுக்குப் போனதற்குச் சரக்கு மட்டும் காரணமில்லை. இன்று நம் கடை வாசலுக்கு மல்லித்தூளும் கறிவேப்பிலையும் தேடி வரும் சீன அம்மாளை நாம் எந்த மொழியில் வரவேற்கிறோம்? 'ஆ சம்' என்று அழைத்துப் பாருங்கள், முகம் மலரும்.

இளைய சீனர்கள் மாண்டரின் பேசுகிறார்கள், இனி கான்டனீஸ் எதற்கு என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானது. சீனப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளும் மாண்டரினே கற்கிறார்கள். பினாங்கிலும் கிள்ளானிலும் ஹொக்கியன் வழக்கு மிகுதி என்பதால், அங்குள்ளவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுப் பயனில்லை. ஆனால் கோலாலம்பூர், ஈப்போ சந்தைகளில் கல்லாவில் உட்கார்ந்து கடன் தவணையை முடிவு செய்யும் மூத்தவர்கள் பலர் இன்றும் கான்டனீஸ்தான் பேசுகிறார்கள். நமக்கு ஒரு வாரத் தவணை கொடுப்பதா, இரண்டு வாரமா என்பது அவர்கள் கையில்.

நம் சங்கம் தீபாவளி விருந்துக்கும் பொன்னாடைக்கும் செலவிடுகிறது, வேண்டாமென்று சொல்லவில்லை. கடை அடைத்தபின் வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம், ஓய்வு பெற்ற ஒரு சீன வியாபாரியை அழைத்து எண்ணும் எடையும் விலையும் மட்டும் சொல்லித் தரச் செய்யலாம். முதலாளிகள் மட்டுமல்ல, சந்தைக்குப் போகும் கடைப் பையன்களும் வர வேண்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முன்வைக்க இருக்கிறோம். சேர விரும்பும் உறுப்பினர்கள் தங்கள் கடையின் பெயரைச் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். முதல் வகுப்பில் அந்த 'மாய்' என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம்.