ஊரில் ஒன்றானோம், இங்கே?

என் அக்காவிடம் இரண்டு திடப்படுத்தல் சான்றிதழ்கள் இருக்கின்றன. முதலாவது, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது கிடைத்தது. இரண்டாவது, ஈப்போவில் வேறொரு சபையைச் சேர்ந்த குடும்பத்தில் அவர் வாழ்க்கைப்படப் போனபோது வாங்கியது.

கிறிஸ்துவர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம். குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், வளர்ந்த பிறகு சபையின் முன் நின்று, இது என் நம்பிக்கை என்று தாமே அறிக்கையிடுவதுதான் திடப்படுத்தல். அதன் பிறகே திருவிருந்தில் பங்கு பெறுவது வழக்கம். அக்கா அதை முடித்துப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும், "எங்கள் முறைப்படி இன்னொரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். அக்கா எடுத்துக்கொண்டார். அன்றிரவு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்படின்னா, தோட்டத்துல நான் வாங்குனது என்னம்மா?"

அம்மாவிடம் பதில் இல்லை. எந்தச் சபை எந்தச் சபையிடம் இப்படிச் சொன்னது என்று நான் எழுதப் போவதில்லை. இடம் மாறியிருந்தால் அதே சொல் எதிர்த்திசையில் வந்திருக்கலாம். ஆனால் அக்காவின் கேள்வி புதியதன்று. நூறாண்டுகளுக்கு முன்பே அதை நேருக்கு நேர் சந்தித்த ஒரு தமிழர் இருந்தார். அவரை நம்மில் பலர் மறந்துவிட்டோம் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1912-இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதல் முறை. அவருடைய பேராயம் தெலுங்கு நாட்டில் இருந்த தோர்ணக்கல். தாய்மொழி வழங்காத மண்ணுக்குப் போய், அந்த மக்களின் மொழியைக் கற்று, அங்கேயே வாழ்ந்து, 1945 ஜனவரி முதல் நாளில் அங்கேயே மறைந்தார். கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்த வாழ்க்கை புரியாத ஒன்றல்ல.

அசரியாவைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்ப் புரோட்டஸ்டன்டு குடும்பங்களில் பெரும்பாலானவை தங்கள் சபையை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தவை அல்ல. மிஷனரி சங்கங்கள் தங்களுக்குள் வட்டாரங்களைப் பங்கிட்டுக்கொண்டன. திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன், மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அமெரிக்க மிஷன், நாகர்கோவிலில் லண்டன் மிஷன், தரங்கம்பாடியில் லுத்தரன். நம் கொள்ளுத்தாத்தாவின் ஊருக்கு எந்த வெள்ளைக்காரர் முதலில் மாட்டுவண்டியில் வந்து இறங்கினாரோ, அதுவே நம் சபை. ஐரோப்பாவில் நடந்த சண்டைகளுக்கும் அந்தத் தாத்தாவுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

ஆனால் அந்தச் சண்டை தமிழ் மண்ணிலும் குடும்பங்களைப் பிரித்தது. தமிழுக்கு இலக்கண நூல் எழுதிய ரேனியஸ் ஐயரைத் தமிழ் படிப்பவர்கள் அறிந்திருப்பார்கள். அவர் ஜெர்மானிய லுத்தரன் குருவானவர். திருநெல்வேலியில் அவரைப் பணிக்கு அமர்த்தியிருந்ததோ ஆங்கிலிக்கன் சங்கம். தம் உபதேசியார்கள் ஆங்கிலிக்கன் பேராயர் கையால்தான் குருப்பட்டம் பெற வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. மக்களில் ஒரு பகுதியினர் அவர் பின்னால் போனார்கள். 1838-இல் அவர் மறையும்வரை அந்தப் பிளவு நீடித்தது. இந்தத் திருநெல்வேலித் திருச்சபையில்தான் நாற்பது ஆண்டுகளுக்குள் அசரியா பிறந்தார்.

அவர் வளர்ந்த விதமே அவரை வேறு பக்கம் திருப்பியது. குருவாகும் முன் பல ஆண்டுகள் ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகப் பல சபையினரோடும் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே அமெரிக்க மிஷன் வழிவந்த தமிழ்க் கிறிஸ்துவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியரை அனுப்புவதைப் பார்த்தார். வெள்ளைக்காரர் காசை எதிர்பார்க்காமல் நாமும் ஏன் செய்யக்கூடாது என்ற எண்ணத்தோடு திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அவரைத் தோர்ணக்கலுக்கு அனுப்பியதும் அந்தச் சங்கம்தான். ஈப்போவிலும் தைப்பிங்கிலும் வாழும் யாழ்ப்பாண வழியினர் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஓர் ஆங்கிலிக்கன் பேராயரின் தொடக்கப் பாடம் உங்கள் பாட்டனாரின் சபையில் கற்றது.

பேராயர் முறையே இல்லாத ஒரு சபையிடம் கற்றவர், அச்சபையைக் குறையுள்ளது என்று எப்படிச் சொல்வார்? 1919 மே மாதம் 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். ஒரு பக்கம் அசரியாவும் சில ஆங்கிலிக்கன் குருமாரும். மறுபக்கம், 1908-இல் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் சபைகள் இணைந்து உருவான தென்னிந்திய ஐக்கியத் திருச்சபையின் போதகர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். எங்களைப் பிரித்து வைத்திருக்கும் வேலிகளை நாங்கள் போடவில்லை, அவை எங்கள்மீது சுமத்தப்பட்டவை என்ற கருத்தை அறிக்கையாக வெளியிட்டு, இணைப்புப் பேச்சுக்கு அழைப்பு விடுத்தார்கள். பின்னர் தென்னிந்திய மெதடிஸ்டுகளும் பேச்சில் சேர்ந்தனர்.

நல்லெண்ணம் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று நாம் நினைப்போம். முடிய 28 ஆண்டுகள் ஆயின. தடையாக இருந்தது அக்காவின் கேள்விதான். அப்போஸ்தலர் காலம் முதல் அறுபடாமல் வரும் பேராயர் மரபில், பேராயர் கை வைத்து அபிஷேகம் செய்தவரே முறையான குரு என்பது ஆங்கிலிக்கன் நிலை. அப்படியானால் இருபது, முப்பது ஆண்டுகளாகத் திருவிருந்து கொடுத்து, கல்யாணம் நடத்தி, சாவு வீட்டில் ஜெபம் செய்த ஐக்கியத் திருச்சபைப் போதகர் யார்? அவர் மறுபடியும் அபிஷேகம் பெற வேண்டுமா? பெறச் சொன்னால், இத்தனை ஆண்டு அவர் செய்ததெல்லாம் என்ன?

அசரியா இங்கே எடுத்த நிலைதான் என்னை ஈர்த்தது. அவர் தம்முடையதை விட்டுக்கொடுத்துவிடவில்லை. இணையப் போகும் திருச்சபையில் பேராயர்கள் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதே சமயம், மற்றவர் பெற்றதைச் செல்லாது என்று சொல்லி அதன்மேல் ஒற்றுமையைக் கட்ட முடியாது என்பதிலும் உறுதியாக இருந்தார். அவருக்குச் சபைப் பிரிவு வெறும் நிர்வாகச் சிக்கல் அல்ல. சாதியால் பிரிந்து கிடக்கும் மக்களிடம் போய், கிறிஸ்துவில் எல்லாரும் ஒன்று என்று சொல்லிவிட்டு, சொல்பவர்களே ஒரே பந்தியில் அமராமல் இருப்பது பாவம் என்றே கருதினார். 1927-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த உலக மாநாட்டிலும், ஐரோப்பாவுக்குப் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம், எங்களுக்கோ அது பாவமும் இடறலும் என்ற பொருள்படப் பேசினார்.

1929-இல் வெளியான இணைப்புத் திட்டம் அந்த முடிச்சை அவிழ்த்த விதம் எளிமையானது. இருக்கும் போதகர்கள் எல்லாரும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்ளப்படுவர். எவருக்கும் மறு அபிஷேகம் கிடையாது. இணைந்த நாளுக்குப் பிறகு வரும் புதியவர்களுக்குப் பேராயர்களே குருப்பட்டம் கொடுப்பார்கள். முப்பது ஆண்டுகள் இரண்டு வகையினரும் அருகருகே பணி செய்யட்டும். மனச்சாட்சி இடம் கொடுக்காத குருவானவரை எந்தச் சபைமீதும் திணிக்க மாட்டோம். கடந்த காலத்தைத் திருத்த முயலாமல் எதிர்காலத்தை மட்டும் சேர்ந்து கட்டிய ஏற்பாடு இது.

இங்கிலாந்தில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஆந்திராவின் நந்தியால் வட்டார ஆங்கிலிக்கர் பலர் அப்போது சேரவில்லை. லுத்தரன் சபையும் வெளியே நின்றது. ஆங்கிலிக்கன் பொது மன்றம் இணைப்புக்கு ஒப்புதல் அளித்தது 1945 ஜனவரியில். அசரியா கண்மூடிச் சில நாள்களே ஆகியிருந்தன. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அன்று பேராயராக அபிஷேகம் பெற்றவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து சபாபதி குலேந்திரன். பேராயரே இல்லாத அமெரிக்க மிஷன் மரபில் வந்த தமிழர்!

இனி பேராக்கிற்கு வருவோம். நம் முன்னோர் இங்கே வந்தது எப்போது? தோட்டத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்தது. ஆக, நம் தோட்டங்களின் கிறிஸ்துவக் குடும்பங்களில் பெரும்பாலானவை 1947-க்கு முன்பே கப்பல் ஏறியவை. தகரப் பெட்டியில் வேதாகமத்தோடு பழைய பெயர்ப்பலகையையும் கொண்டு வந்தார்கள். திருநெல்வேலியும் மதுரையும் நாகர்கோவிலும் ஊரில் ஒரே திருச்சபையாகிவிட்டன. அவற்றின் பிள்ளைகள் ஈப்போவில் இன்றும் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் எனத் தனித்தனி வாசலில் நுழைகிறார்கள். ஊரில் வழக்கொழிந்த சில சொற்கள் தோட்டத்தில் மட்டும் பிழைத்திருந்ததைப் போல, ஊரில் கரைந்துபோன சில பிரிவுகளும் இங்கே பிழைத்திருக்கின்றன.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோட்டத்தில் இந்தப் பிரிவு அவ்வளவு வலுவாக இருந்ததே இல்லை. எங்கள் லயத்தில் யாழ்ப்பாணத்துக் கிராணி குடும்பம், நாகர்கோவில் குடும்பம், திருநெல்வேலிக் குடும்பம் என்று கலந்துதான் இருந்தோம். மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் எந்தப் போதகர் வந்தாரோ, அவரே எல்லாருக்கும் ஐயர். பாட்டி அவருக்குக் கோப்பி கலக்கி வைப்பார். எந்த மிஷன் என்று கேட்டதே இல்லை. ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டம் துண்டானது, மக்கள் புந்தோங்குக்கும் சிம்மோருக்கும் வீடு மாறினார்கள். பட்டணத்துக்கு வந்த பிறகுதான் நாங்கள் வேறு வேறு சபையினர் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

எல்லாச் சபைகளும் நாளையே ஒன்றாகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இணைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் சாதி ஒழிந்துவிடவில்லை. தேர்தல் வழக்கும் சொத்து வழக்கும் நீதிமன்றம் ஏறியிருக்கின்றன. தனித்தனி மரபுகளுக்குத் தனித்தனி அழகு உண்டு என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இந்நாட்டில் மூன்று சபைகளும் சேர்ந்து 1979-இல் மலேசிய இறையியல் கல்லூரியைத் தொடங்கின. நாளைய போதகர்கள் ஒரே வகுப்பில் உட்கார முடியும் என்றால், அந்தப் போதகர்கள் திடப்படுத்திய பிள்ளைகள் ஒரே பந்தியில் உட்கார ஏன் மறுபடி தேர்வு?

என் வேண்டுகோள் சிறியது. ஒரு தமிழ்ச் சபையிலிருந்து இன்னொரு தமிழ்ச் சபைக்கு வருபவரின் பழைய சான்றிதழைச் சான்றிதழாகவே ஏற்றுக்கொள்ளுங்கள். அவரை வரவேற்க ஒரு ஜெபம் போதும். தமிழ் ஆராதனைக்கு ஆள் குறைந்து, பிள்ளைகள் ஆங்கில ஆராதனைக்குப் போய்விடும் காலத்தில், வாசலில் நின்று தகுதி விசாரிக்க நமக்கு ஏது ஆடம்பரம்?

இம்மலரைப் புரட்டும் தம்பி தங்கைகளில் பெரும்பாலோர் கிறிஸ்துவர் அல்லர் என்பதை அறிவேன். இது உங்கள் கதையும்தான். ஒரே பட்டணத்தில் எத்தனை தமிழர் இயக்கங்கள்! ஒற்றுமை என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். ஆனால் நாம் சொல்லும் ஒற்றுமைக்குப் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான்: நீ என் சங்கத்துக்கு வா, முதலிலிருந்து தொடங்கு, நீ இதுவரை செய்ததை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். தோட்டப்புற மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியபோது, யார் எந்தக் கோயில், எந்தச் சங்கம் என்று பார்த்திருந்தால் ஒரு தோட்டத்தைக்கூட வாங்கியிருக்க முடியாது. அடுத்தவர் செய்ததையும் செய்ததாக மதிப்பதே ஒற்றுமையின் முதல் படி. அசரியா அதைச் சொல்லி 25 ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களில் ஒருவர். முடிவைப் பார்க்காமலே போனவர்.

அக்காவின் மகளுக்கு இப்போது திடப்படுத்தல் வகுப்பு நடக்கிறது. வீட்டுச் சுவரில் அக்கா மாட்டி வைத்திருப்பது தோட்டத்தில் வாங்கிய சான்றிதழைத்தான். ஓரம் செல்லரித்திருக்கிறது, போதகர் கையெழுத்து மங்கிவிட்டது. "அது செல்லும்டா" என்கிறார். எனக்கும் அதில் சந்தேகமில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள்தான் இன்னும் சொல்லவில்லை.